உதைபந்து வீரனும் உழைப்பாளியே!

(பதுளை மாவட்டம் நமுனுகுலையில், தோட்ட இளைஞரின் உதைபந்தாட்டப் போட்டி நிறைவுபெற்ற மாலை, பரிசளிப்புக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு.)

இன்று மாலை இம்மைதானத்தில் வியர்வை சிந்திய இளந்தோழர்களே!

வென்ற அணிக்குக் கேடயம் வழங்கியாயிற்று. தோற்ற அணிக்கும் மனமாரக் கைதட்டியாயிற்று. இவ்வேளையில் சட்டம் படித்தவர்கள் எழுந்து நின்றால், “இவர்களுக்கும் பந்துக்கும் என்ன தொடர்பு?” என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நியாயமான கேள்விதான். பந்தை எப்படி உதைப்பது என்று சொல்ல நாம் வரவில்லை. அதை நீங்களே எமக்குக் காட்டிவிட்டீர்கள். பந்தை உதைத்துப் பிழைக்கப் போகின்றவன் எந்தத் தாளில் கையொப்பமிட வேண்டும், எந்தத் தாளில் இடலாகாது என்று சொல்லவே வந்திருக்கின்றோம்.

ஒன்பது முடிகளைத் தாங்கி, 2,000 மீற்றருக்கு மேல் எழுந்து நிற்கின்றது இந்த நமுனுகுல மலை. இதன் மடியிலே தேயிலைக்குச் சரிவு உண்டு. பிள்ளைகளின் பந்துக்குச் சமதரை இல்லை. உருண்ட பந்து அடுத்த டிவிசனிற் போய்த்தான் நிற்கின்றது. கனவரல்லையிலும் பிங்கராவவிலும் தொனகொம்பையிலும் பிள்ளைகள் வெறுங்காலோடு விளையாடுகின்றார்கள். அவர்களின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, “இவனுக்குக் காலில் ஏதோ இருக்கின்றது” என்று சொல்லி வெளியூர்க்காரர் சிலர் லயத்து வாசலுக்கே வரத் தொடங்கியிருக்கின்றார்கள். வரட்டும். வருவதை நாம் வெறுக்கவில்லை. ஆனால் வெளியூர்க்காரன் லயத்து வாசலில் வந்து நின்று, “உன் பிள்ளையை என்னோடு அனுப்பு, நான் வழிகாட்டுகின்றேன், இதோ கொஞ்சம் முன்பணம்” என்று சொன்ன கதை எமது மக்களுக்குப் புதியதன்று. அக்கதையின் முதல் அத்தியாயம் கடலுக்கு அப்பால், நம் பாட்டன் பூட்டனின் கிராமத்துத் திண்ணையில் எழுதப்பட்டது. ஆகவேதான் இன்று இவ்விடயத்தைப் பேசியே தீரவேண்டியிருக்கின்றது.

ஊர் ஊராய்ப் போன ஒருவர்

தோழர்களே! ஆபிரிக்கக் கண்டத்தின் மேற்குக் கரையிலே கானா என்றொரு நாடு உண்டு. நாம் தேயிலையை உலகுக்கு அனுப்புவது போல அந்நாடு கொக்கோவை அனுப்புகின்றது. இலங்கை 1948 இல் விடுதலை பெற்றது. கானா 1957 மார்ச் 6 ஆம் நாள் விடுதலை பெற்றது. நம்மைப் போலவே வெள்ளையர் ஆட்சியின்கீழ் விளைபொருளை விற்றுப் பழகிய நாடு. இன்றோ அந்நாடு கொக்கோவோடு இன்னொன்றையும் உலகுக்கு அனுப்புகின்றது: உதைபந்து வீரர்களை.

அவர்களுள் பெரும்புகழ் பெற்றோரின் பெயர் உங்களுக்குத் தெரியும். மைக்கேல் எசியன் பெயரைச் சொன்னால் இங்கே பாதிப்பேர் கைதட்டுவீர்கள். ஆனால் நாம் சொல்ல விரும்புவது அவருடைய கதையை அன்று. அவர் ஆடிய அதே லிபர்ட்டி புரொபெஷனல்ஸ் என்ற அக்ரா நகரத்துக் கழகத்தில் ஆடிப் பின் உலகெங்கும் உழைத்த இன்னொருவரின் கதையைச் சொல்ல விரும்புகின்றோம். அவர் பெயர் டெரெக் போட்டெங். 1983 இல் பிறந்தவர். நடுக்கள வீரர்.

இருபது வயது நிறையுமுன்னரே அவர் ஐரோப்பாவில் இருந்தார். கிரேக்கத்தின் பனத்தினைக்கோஸ் கழகத்தில் இருந்தார். சுவீடன் நாட்டு ஸ்டொக்ஹோம் நகரின் ஏ.ஐ.கே. கழகத்தில் ஆடினார். பின்னர் இஸ்ரேலின் பெய்த்தார் ஜெருசலேம். 2009 இல் ஜெர்மனியின் கொலோன். அவ்வாண்டிலேயே ஸ்பெயினின் கெட்டாபே. 2011 இல் உக்ரேனின் தினிப்ரோ. 2013 இல் இங்கிலாந்தின் புல்லம். மறுபடியும் ஸ்பெயின்: ராயோ வயெக்கானோ, எய்பார். ஏழு நாடுகள்! ஒவ்வொன்றிலும் வேறு மொழி, வேறு குளிர், வேறு உணவு, வேறு முதலாளி. இடையே தம் நாடு முதன்முதலாக உலகக் கிண்ணத்துக்குச் சென்ற 2006 இலும், கால் இறுதி வரை முன்னேறிய 2010 இலும் கானா அணியில் இடம்பெற்றார்.

இவருக்குச் சிலை இல்லை. எங்கும் நிலைத்து நின்று அரசனாகவும் இல்லை. ஆனால் பதினைந்து ஆண்டுக்காலம் தம் கால்களை நம்பி, கௌரவமாக உழைத்து வாழ்ந்தார். ஊர் ஊராய்ச் சென்று தொழில் செய்யும் கொத்தனைப் போல, தச்சனைப் போல, தம் கைவினையைத் தாமே சுமந்து சென்ற தொழிலாளி அவர்.

நடுக்கள வீரன் என்பவன் யார்? கோல் அடிப்பவன் பெயர் பத்திரிகையில் வரும். கோலைத் தடுப்பவன் பெயரும் வரும். இடையில் நிற்பவனோ எதிரியிடமிருந்து பந்தைப் பறித்து, பக்கத்திலுள்ளவனுக்குக் கொடுத்துவிட்டு மீண்டும் ஓடுகின்றான். தொண்ணூறு நிமிடமும் ஓடுகின்றவன் அவனே. பெயர் வராதவனும் அவனே. கொழும்பிலும் இலண்டனிலும் தேநீர் அருந்துகின்றவன் கோப்பையின் நிறத்தைப் புகழ்கின்றான். கொழுந்தைக் கிள்ளிய விரலை அவன் காண்பதில்லை. இவ்விரண்டு உழைப்பும் ஓரினத்தைச் சேர்ந்தவை. ஆகையினாலேதான் புகழ்பெற்ற வீரனை விட்டு, இந்த நடுக்கள வீரரின் வாழ்க்கையை உங்கள் முன் வைத்தோம். நம் பிள்ளைகளில் ஆயிரத்தில் ஒருவன் எசியன் ஆகலாம். பந்தை நம்பிப் போகும் மற்றவர்கள் போட்டெங் போலத்தான் வாழவேண்டியிருக்கும். அந்த வாழ்க்கை மானமுள்ள வாழ்க்கையாக இருக்குமா, அடிமை வாழ்க்கையாக இருக்குமா என்பதே கேள்வி.

துண்டும் பற்றுச்சீட்டும்

இவர் ஒரு கழகத்தை விட்டு இன்னொரு கழகத்துக்குப் போனார் என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். போக முடிந்ததே, எவ்வாறு? அவர் பிறப்பதற்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் இங்கிலாந்து வீரனால்கூட அவ்வாறு போயிருக்க முடியாது. ஏன் முடியாது என்று விளக்க வேண்டுமானால், நம் சொந்தக் கதையைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

இங்கே அமர்ந்திருக்கும் முதியவர்கள் ‘துண்டு’ என்ற சொல்லைத் தம் பெற்றோர் வாயிலாகக் கேட்டிருப்பார்கள். பெரிய கங்காணி ஆட்களைக் கூட்டி வந்தான். வழிச்செலவு, அரிசி, துணி என்று ஒவ்வொன்றும் கடனாகத் தொழிலாளியின் தலையில் ஏறிற்று. அக்கடன் தீரும்வரை தோட்டத்தைவிட்டு அசைய முடியாது. சொல்லாமற் போனால் 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின்படி சிறை. சரி, துரையின் கொடுமை தாங்காமல் வேறு தோட்டம் போகவேண்டுமானால்? கங்காணி துரையிடம் ஒரு துண்டுக் கடுதாசி வாங்குவான். “இந்தக் கங்காணியும் இவன் ஆட்களும் பட்டுள்ள கடன் இவ்வளவு; இதைச் செலுத்துகின்ற தோட்டத்துக்கு இவர்களை விட்டுக்கொடுக்கின்றோம்” என்பதே அதன் சாரம். அத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டந்தோட்டமாக அவன் பேரம் பேசுவான். புதிய துரை பழைய துரைக்குப் பணம் கட்டுவான். ஆட்கள் மாறுவார்கள். அவர்கள் கடன் மட்டும் மாறாது, பெருகியே நிற்கும்.

பணம் துரைக்கும் துரைக்கும் இடையே கைமாறிற்று. மனிதன் அதோடு சேர்ந்து கைமாறினான். அவன் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை. 1921 இல் சட்டம் வந்து இத்துண்டு முறையை ஒழித்தது. வேலையை விட்டதற்காகத் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பிய விதிகளும் 1920 களின் தொடக்கத்தில் நீங்கின. ஆயினும் தோட்டத்தைவிட்டு நீக்கும் பற்றுச்சீட்டு நெடுங்காலம் எம் மக்களை வெருட்டிக்கொண்டிருந்தது. அது தனிக்கதை.

இப்பொழுது இங்கிலாந்துக்கு வாருங்கள். 1893 முதல் அங்கே உதைபந்து லீக்கில் ஒரு விதி நிலவிற்று. வீரனின் ஒப்பந்தக் காலம் முடிந்தாலும், கழகம் அவன் பெயரைத் தன் பதிவேட்டில் நிறுத்தி வைத்துக்கொள்ளலாம். கழகம் விடுவித்தாலன்றி அவன் வேறெங்கும் ஆட முடியாது. விடுவிப்பதற்குப் புதிய கழகம் பழைய கழகத்துக்குப் பணம் கட்ட வேண்டும். தோழர்களே, இதைக் கேட்டவுடன் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகின்றது? செக்ரோலில் பெயர், துரையின் சம்மதம், துரைக்கும் துரைக்கும் இடையே பணம். வெள்ளைக்காரன் தன் சொந்த நாட்டிலே, தன் சொந்த இனத்து வீரனுக்கும் ஒரு துண்டு எழுதி வைத்திருந்தான்! இங்கே கடன் என்ற பெயர். அங்கே மாற்றுக் கட்டணம் என்ற பெயர். கட்டிய கயிறு ஒன்றே.

கயிற்றை அறுத்தவர்கள்

அக்கயிற்றைப் பிரபுக்கள் அறுக்கவில்லை. ஈகைக் குணம் படைத்த முதலாளிகளும் அறுக்கவில்லை. வீரர்களின் தொழிற்சங்கமே அறுத்தது. ஒரு வீரனுக்கு வாரம் 20 பவுணுக்கு மேல் கொடுக்கலாகாது என்றிருந்த உச்சவரம்பை, வேலைநிறுத்தம் செய்வோம் என்று அறிவித்து 1961 இல் அச்சங்கம் உடைத்தது. ஜோர்ஜ் ஈஸ்ட்ஹாம் என்ற வீரரை நியூகாசில் கழகம் விடுவிக்க மறுத்தபொழுது, அவர் ஆட மறுத்துத் தக்கை விற்கும் வேலைக்குப் போனார். பின்னர் அக்கழகம் அவரை விற்றுவிட்ட போதிலும், சங்கம் வழக்கைக் கைவிடவில்லை. 1963 இல் நீதியரசர் வில்பர்போர்ஸ் தீர்ப்பளித்தார்: ஒப்பந்தம் முடிந்தவனைப் பிடித்து வைக்கும் முறை தொழிற் சுதந்திரத்துக்கு இடப்பட்ட நியாயமற்ற தடை. சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கப்படுகின்ற தீர்ப்பு அது.

எஞ்சியிருந்த கயிற்றை ஐரோப்பாவில் அறுத்தவர் பெல்ஜியத்து வீரர் ஜான்-மார்க் பொஸ்மான். அவரும் பெரும்புகழ் பெற்றவரல்லர்; சாதாரண நடுக்கள வீரர். 1990 இல் லியேஜ் கழகத்தில் அவர் ஒப்பந்தம் முடிந்தது. கழகம் மாதம் 1,20,000 பிராங்காக இருந்த சம்பளத்தை 30,000 ஆகக் குறைத்துப் புதிய ஒப்பந்தம் நீட்டியது. மறுத்தார். பிரான்சின் டன்கேர்க் கழகத்துக்குப் போக முயன்றார். மாற்றுக் கட்டணச் சிக்கலில் அது தடைப்பட்டது. வழக்குத் தொடுத்தார். ஐந்தாண்டுகள் கழித்து, 1995 டிசம்பர் 15 ஆம் நாள், ஐரோப்பிய நீதிமன்று தீர்ப்பளித்தது: ஒப்பந்தம் முடிந்த வீரனுக்காகக் கட்டணம் கேட்கலாகாது, அவன் சுதந்திரமானவன். அத்தீர்ப்பு வந்தபொழுது பொஸ்மானின் ஆட்டக்காலம் வீணாகிவிட்டது. அவர் நட்ட மரத்தின் கனியை மற்றவர்கள் உண்டார்கள். 2001 இல் உலக உதைபந்துச் சம்மேளனமாகிய பீபாவும் தன் விதிகளைத் திருத்தி, ஒப்பந்தம் முடிந்தவன் விடுதலையானவன் என்பதை உலகுக்கே பொதுவிதியாக்கிற்று. இத்திருத்தங்களுக்குப் பின் வந்த காலத்தில்தான் கானாவின் போட்டெங் ஏழு நாட்டுப் பயணத்தை மேற்கொண்டார்.

போராட்டம் அத்துடன் முடிந்துவிட்டதா? இல்லை. ஒப்பந்தத்தை இடையிலே முறித்தார் என்று லாசானா டியாரா என்ற பிரெஞ்சு வீரர்மீது 1 கோடி யூரோவுக்கு மேல் தண்டம் விதிக்கப்பட்டது. அவரை எடுக்கும் புதிய கழகமும் அத்தண்டத்துக்குப் பொறுப்பாகும் என்றிருந்தமையால் அவரை எடுக்கவே கழகங்கள் அஞ்சின. மீண்டும் பாருங்கள்: கடன் வீரனின் தலையில், அதைக் கட்டச் சம்மதிப்பவனுக்கே அவன்! 2024 அக்டோபர் 4 ஆம் நாள் ஐரோப்பிய நீதிமன்று அவ்விதிகள் சட்டத்துக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது. துண்டுக்கு ஆயுள் கெட்டி. ஒரு வாயிலில் விரட்டினால் மறு வாயிலில் வேறு சட்டை அணிந்து வந்து நிற்கும்.

வளர்த்தவனுக்கு என்ன?

இங்கே ஒரு கேள்வி எழும். “சின்னக் கழகம் பிள்ளையைச் சிறு வயதிலிருந்து வளர்க்கின்றது, பெரிய கழகம் கொத்திக்கொண்டு போகின்றது. கட்டணமும் இல்லையென்றால் வளர்த்தவன் எதற்காக வளர்ப்பான்?” என்று கேட்கலாம். இது வெறும் முதலாளித்துவ வாதமன்று. இம்மைதானத்தைச் செப்பனிட்ட உங்களுடைய வாதமும் இதுவேதான். ஆகவே விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

வளர்த்தவனுக்குக் கூலி உண்டு. வளர்க்கப்பட்டவன்மீது உடைமை இல்லை. இதுவே நீதி. பீபாவின் விதிகளிலேயே இதற்கு வழி செய்யப்பட்டிருக்கின்றது. ஒப்பந்தக் காலம் முடியுமுன் ஒரு வீரனை இன்னொரு நாட்டுக் கழகம் விலை கொடுத்து எடுத்தால், அத்தொகையில் 100 க்கு 5 பங்கு, அவன் 12 வயது முதல் 23 வயது வரை எங்கெங்கே பயின்றானோ அந்தக் கழகங்களுக்குச் சேர வேண்டும். கணக்கைக் கேளுங்கள். 12 முதல் 15 வயது வரையுள்ள நான்காண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு அந்த ஐந்து பங்கில் 100 க்கு 5. அதற்கு மேற்பட்ட எட்டாண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 100 க்கு 10. ஒரு வீரன் 1 கோடி ரூபாவுக்கு மாறினான் என்று வைத்துக்கொள்வோம். 5 இலட்சம் ஒதுக்கப்படும். அவன் 12 முதல் 15 வரை நமுனுகுலையில் ஆடியவனாயின், அந்த நான்காண்டுகளுக்காக 1 இலட்சம் ரூபா இவ்வூர்க் கழகத்துக்குச் சொந்தம். மைதானத்துக்கு வேலியாகும், கோல் கம்பமாகும், பிள்ளைகளுக்குச் சப்பாத்தாகும்.

ஆனால் ஒரு நிபந்தனை. கழகம் தேசியச் சம்மேளனத்தோடு இணைந்ததாக இருக்க வேண்டும். பிள்ளை 12 வயதிலேயே அக்கழகத்தின் பெயரிற் பதிவாகியிருக்க வேண்டும். செக்ரோலிற் பேர் பதியாதவனுக்குச் சம்பளம் ஏது? பதிவில்லாத கழகத்துக்கும் பங்கில்லை. தோட்டந்தோறும் பெயரளவில் கழகங்கள் உண்டு. பதிவேடு வைத்திருப்பவை எத்தனை? இதைச் செய்வதற்குப் பணம் வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் பொறுப்புள்ள ஒரு செயலாளரும் போதும்.

முழங்காலை நம்பிய வாழ்வு

“பந்து சோறு போடுமா?” என்று தாய்மார்கள் கேட்கின்றீர்கள். போடும், ஆனால் நிச்சயமாகப் போடும் என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். நம் மொழி பேசும் ஒருவரின் வாழ்க்கையையே பாருங்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர், இரவிபுத்தன்துறை முதலிய மீனவக் கிராமங்கள் தமிழ்நாட்டுக்கு உதைபந்து வீரர்களை அள்ளிக் கொடுத்தவை. மணலிலே ஆடி வளர்ந்த அக்கரையோரத்துப் பிள்ளைகளுள் ஒருவர் மைக்கேல் சூசைராஜ். நடுக்களத்திலும் ஓரத்திலும் ஆடுகின்றவர். சென்னை சிட்டி கழகத்தில் ஆடினார். 2018 இல் ஜம்ஷெட்பூர் சென்றார். 2019 இல் கொல்கத்தாவின் ஏ.டி.கே. கழகத்துக்குச் சென்றார்; 2020 மார்ச்சில் அக்கழகம் இந்திய சுப்பர் லீக்கின் வாகை சூடிற்று. அதே ஆண்டு நவம்பர் 20 ஆம் நாள் புதிய பருவத்தின் முதலாவது ஆட்டம். தொடங்கிச் சில நிமிடங்களிலேயே முழங்காலில் காயம். அந்தப் பருவம் முழுவதும் அவரால் ஆட முடியவில்லை. பின்னர் தேறி ஒடிசாக் கழகத்துக்குப் போய் மீண்டும் ஆடினார். அவர் மனவுறுதி போற்றத்தக்கது.

நாம் கேட்பது இதுதான்: சில நிமிடங்களில் ஒரு வருட உழைப்பு போய்விடக்கூடிய தொழிலில், சிகிச்சைக்கு யார் பொறுப்பு, காயப்பட்ட காலத்துச் சம்பளம் உண்டா, இல்லையா என்பது தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டாமா? மலைச்சரிவிலே சறுக்கி விழுந்த கொழுந்துக்காரிக்கு நட்டஈடு கேட்டுப் போராடிய சமூகம், களத்திலே விழுந்த தன் மகனுக்காக அதையே கேட்க வெட்கப்பட வேண்டுமா?

கழகம் பெரியது என்பதால் சம்பளம் நிச்சயம் என்றும் எண்ண வேண்டாம். 2025 இல் இந்திய சுப்பர் லீக்கை நடத்துவது பற்றிய உடன்படிக்கைச் சிக்கலில் பருவம் உரிய காலத்தில் தொடங்காமற் போகவே, சில கழகங்கள் வீரர்களின் சம்பளத்தையே நிறுத்தி வைத்தன. நம் நாட்டிலும் நிர்வாகப் பிணக்குகளால் 2023 ஜனவரியில் பீபா இலங்கையை இடைநிறுத்தியது. ஆகஸ்டில்தான் தடை நீங்கியது. நாற்காலிக்குச் சண்டை பிடித்தோர் நாற்காலியிலேயே இருந்தார்கள். ஆட்டத்தை இழந்தவன் வீரன்.

அந்தத் தாளில் என்ன இருந்தது?

சில காலத்துக்கு முன் தோட்டத் தகப்பன் ஒருவர் எம்மிடம் ஒரு தாளைக் கொண்டு வந்தார். மகனுக்கு வயது பதினாறு. கழகத்தின் பெயரோ, பையனின் பெயரோ இங்கே வேண்டாம். தாளில் என்ன இருந்தது என்பதை மட்டும் சொல்கின்றோம். காலம்: பத்து ஆண்டு. சம்பளம்: “திறமைக்கேற்ப”. காயம்: ஒரு சொல்லும் இல்லை. பையன் இடையில் விலகினால், அவனுக்குக் கொடுத்த உணவு, உறைவிடம், பயிற்சி அனைத்துக்குமான செலவைத் தகப்பன் திருப்பிச் செலுத்த வேண்டும். பையன் எதிர்காலத்திற் பெறும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் ஒரு பங்கு, தாளைக் கொண்டுவந்த இடைத்தரகனுக்கு. அடியிலே தகப்பனின் கையொப்பத்துக்கு இடம். மேலே பத்தாயிரம் ரூபா முன்பணம்.

தகப்பன் கேட்டார்: “ஐயா, கையெழுத்துப் போடலாமா?” நாம் சொன்னோம்: “உங்கள் பாட்டனார் இதே தாளில் ஏற்கெனவே கைநாட்டு வைத்துவிட்டார், இரண்டாந்தரம் வேண்டாம்.” அவர் புரிந்துகொண்டார். பையன் இப்பொழுதும் ஆடுகின்றான், பாடசாலைக்கும் போகின்றான்.

அத்தாளின் ஒவ்வொரு வரியும் விதிக்கு மாறானது என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். ஆதலின் சில விடயங்களை எளிமையாகச் சொல்லி வைக்கின்றோம், மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

பதினெட்டு வயது நிறையாத பிள்ளையை ஆட்டத்துக்காக ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கழகத்துக்கு மாற்றுவதைப் பீபா விதி தடுக்கின்றது. சில விலக்குகள் உண்டு. இடைத்தரகன் லயத்து வாசலில் நின்று சொல்லும் காரணம் அவற்றுள் ஒன்றன்று. பதினெட்டுக்குட்பட்டவனோடு செய்யும் ஒப்பந்தம் மூன்று ஆண்டுக்கு மேற்படலாகாது. பெரியவனுக்கும் பொதுவிதியாக ஐந்தாண்டுதான் எல்லை. வீரனின் எதிர்கால மாற்றத் தொகையில் மூன்றாம் ஆள் ஒருவன் பங்கு வைத்திருப்பது 2015 மே மாதம் முதல் முற்றாகத் தடை செய்யப்பட்டுள்ளது. பெரிய கங்காணியின் தலைக்காசுக்கு இக்காலத்தில் இடமில்லை. இரண்டு மாதச் சம்பளம் நிலுவையில் நின்றால், எழுத்திலே அறிவித்து 15 நாள் தவணை கொடுத்து, அதற்குள்ளும் தராவிட்டால் வீரன் நியாயமான காரணத்தோடு விலகலாம். கடவுச்சீட்டைக் கழகத்திடமோ தரகனிடமோ ஒப்படைக்கலாகாது. ஆளைப் பிடித்து வைக்க நினைப்பவன் முதலிற் பிடித்து வைப்பது அதைத்தான்.

கடவுச்சீட்டு என்றதும் ஒன்று சொல்லாமல் அப்பாற் செல்ல மனம் வரவில்லை. ஒரு வீரன் தன் நாட்டின் சட்டையை அணிய வேண்டுமானால், அந்நாட்டின் பிரசையாக இருக்க வேண்டும். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் எம் மக்களை நாடற்றவர்களாக்கிற்று. 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தம் எம்மைத் தலை எண்ணிப் பங்கு போட்டது. 1988, 2003 ஆம் ஆண்டுச் சட்டங்கள் வந்தே அக்கறை கழுவப்பட்டது. இடைப்பட்ட ஐம்பத்தைந்து ஆண்டுகளில் இச்சரிவுகளில் எத்தனை கால்கள் திறமையோடு ஓடி, எந்த நாட்டுக்கும் உரிமையின்றி ஓய்ந்தனவோ! அவர்களைத் தேடியெடுக்க எந்தப் பதிவேடும் இல்லை. இனி வருகின்றவனுக்கு நாடு உண்டு. உரிமையும் உண்டு. அதைத் தாளிலே இழந்துவிடாமல் காப்பதே நம் வேலை.

செய்ய வேண்டியது

பிரசங்கம் செய்துவிட்டுப் போவதில் பயனில்லை. நமுனுகுல, பசறைப் பகுதித் தோட்டங்களுக்கு மூன்று காரியங்களை முன்வைக்கின்றோம்.

முதலாவது: தோட்டக் கழகங்கள் மாவட்ட லீக்கின் வாயிலாகத் தேசியச் சம்மேளனத்தில் இணைய வேண்டும். 12 வயது நிறைந்த ஒவ்வொரு பிள்ளையையும், ஆண் பெண் என்ற பேதமின்றி, பதிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது: எந்தத் தாய் தகப்பனும் தனியே கையொப்பமிடக் கூடாது. தாளைச் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். இங்கே கூடியிருக்கும் ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் சட்டத்தரணிகளும் கட்டணமின்றி வாசித்துத் தமிழிற் சொல்ல வேண்டும். படித்தவன் தன் மண்ணுக்குச் செலுத்த வேண்டிய கடனில் இது வட்டிக்கும் காணாது. விவசாயப் பெருமக்களே, காணி உறுதியை நொத்தாரிசிடம் காட்டாமல் நீங்கள் கையொப்பமிடுவதில்லை. காணியைவிடப் பிள்ளை மலிவோ?

மூன்றாவது: பணம் வாங்கி ஆடும் வீரர்கள் சங்கமாகச் சேர வேண்டும். 1935 ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்தின்கீழ் ஏழு பேர் சேர்ந்தாற் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். ஓர் அணிக்குப் பதினொரு பேர் இருக்கின்றீர்கள்! 1950 ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் ‘தொழிலாளி’ என்ற சொல்லுக்கு மிகப் பரந்த வரைவிலக்கணம் கொடுத்திருக்கின்றது. ஒப்பந்தத்தின்கீழ் இன்னொருவனுக்காக எந்த நிலையில் உழைப்பவனும் அதனுள் அடங்குவான். பந்தை உதைப்பவன் அடங்கான் என்று அதில் எவ்விடத்திலும் எழுதப்படவில்லை. அவ்வாறு வாதிடுகின்றவனைத் தொழில் நியாய சபையிலே சந்திக்க நாம் ஆயத்தமாக இருக்கின்றோம்.

இளந்தோழர்களே! ஆடுங்கள். அஞ்சி வீட்டிலே இருக்கச் சொல்லவில்லை. கொழும்புக்குப் போங்கள், கடல் கடந்தும் போங்கள், ஏழு நாடு பாருங்கள். ஆனால் போகின்றவன் தன் காலால் நடந்து போக வேண்டும். பிறன் கையில் உள்ள சீட்டாற் கைமாறிப் போகலாகாது. ஒப்பந்தம் முடிந்த நாளிலே, “வேலை முடிந்தது, வருகின்றேன்” என்று நிமிர்ந்து சொல்லி மூட்டையைத் தோளிலே போட்டுக்கொண்டு புறப்படும் உரிமை இருக்கின்றதே, அதுதான் உழைப்பாளியின் மானம். 1921 இல் இம்மலைகளில் துண்டு கிழிந்தது. பந்தின் பெயரால் அது மீண்டும் ஒட்டப்பட்டு நம் வாசலுக்கு வருமானால், அதை இரண்டாவது முறையும் கிழிப்போம்!